மண்டை உடைவது ஒருவனுக்கு, லாபம் இன்னொருவனுக்கு!

விளையாட்டு, பார்ப்பவனுக்குப் பொழுதுபோக்கு. ஆடுகிறவனுக்கு அது தொழில். ஆட்டத்தை நடத்துகிறவனுக்கு அது வியாபாரம். இந்த மூன்றையும் பிரித்துப் பார்த்தால்தான், ஆட்டக்காரனின் அடிபட்ட மண்டைக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

இங்கிலாந்தில் ஜெஃப் ஆஸ்டில் என்ற கால்பந்து வீரர் இருந்தார். வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் அணியின் ஆட்டக்காரர். 1968-ல் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் வெற்றிக் கோலை அடித்தவர். 1970 உலகக் கோப்பைக்கு இங்கிலாந்து அணியில் சென்றவர். பந்தைத் தலையால் முட்டிக் கோல் போடுவதில் பேர்போனவர். ஆட்டத்தை விட்ட பிறகு ஜன்னல் துடைக்கும் தொழில் நடத்திப் பிழைத்தார். ஐம்பது வயதுக்கு மேல் ஞாபகம் தப்பிப்போயிற்று. 2002 ஜனவரியில், 59-வது வயதில் இறந்தார்.

அதே ஆண்டு நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார். பந்தை முட்டி முட்டியே மூளை சேதமாகியிருக்கிறது, ஆகவே இது தொழில் நோயால் நேர்ந்த மரணம் என்று பதிவு செய்தார்.

தொழில் நோய்! பஞ்சாலைத் தோழர்களுக்கு இந்தச் சொல்லை நாம் விளக்க வேண்டியதில்லை. லீவு முடிந்து மில்லுக்குள் நுழைந்ததும் பஞ்சுத் தூசியில் நெஞ்சு அடைக்கிற அவஸ்தையை அறிந்தவர்கள் அவர்கள். பூச்சிமருந்து தெளித்து வரப்பிலே மயங்கி விழுந்த விவசாயத் தொழிலாளிக்கும் இது தெரியும். உழைப்பினால் வந்த நோய்க்கு, உழைக்க வைத்து லாபம் எடுத்தவன்தான் பொறுப்பு. நமக்குப் பொருந்துகிற இந்த நியாயம் ஆட்டக்காரனுக்கும் பொருந்தும்.

மண்டைக்குள் நடப்பது என்ன?

மூளை, மண்டை ஓட்டுக்குள் நீரில் மிதக்கிற மிருதுவான உறுப்பு. வேகமாக வரும் தலை மோதி நின்றால் ஓடு நின்றுவிடும். உள்ளே மூளை உடனே நிற்பதில்லை. பஸ் சடக்கென்று பிரேக் போட்டால் நிற்கிறவர்கள் முன்னால் சாய்கிறார்கள் அல்லவா? அதைப் போல மூளை குலுங்குகிறது. நரம்பு இழைகள் இழுபடுகின்றன. வெளியே ஒரு சொட்டு ரத்தம் வராமலும் இருக்கலாம். தலைக்கவசம் ஓடு உடைவதைத் தடுக்கும். உள்ளே மூளை குலுங்குவதை முழுவதும் தடுக்காது.

ஒரு அடி ஆறுவதற்குள் இன்னொரு அடி விழுந்தால் ஆபத்து பன்மடங்கு. ஆண்டுக்கணக்கில் அடி விழுந்துகொண்டே இருந்தால், சிலருக்கு மூளை மெல்ல மெல்ல அழிகிறது. குத்துச்சண்டைக்காரர்களுக்கு இந்தக் கதி நேர்வதை ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க டாக்டர் 1928-லேயே எழுதினார். இது நேற்றுக் கண்டுபிடித்த விஷயமல்ல.

தெரிந்தே மறைத்தார்கள்

அமெரிக்கக் கால்பந்து என்று ஒரு ஆட்டம். பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிறவனை மற்றவர்கள் மோதிச் சாய்ப்பதுதான் அதில் முக்கியம். அதை நடத்துகிற தேசிய கால்பந்து லீக் என்பது கோடீசுவர அணி முதலாளிகளின் கூட்டு. ஆண்டு வருமானம் ஆயிரம் கோடி டாலருக்கும் மேல்.

உருக்காலை நகரமான பிட்ஸ்பர்கின் அணியில் மைக் வெப்ஸ்டர் ஆடினார். அந்த அணி வென்ற நான்கு சாம்பியன் பட்டங்களில் அவருக்குப் பங்கு உண்டு. ஓய்வுக்குப் பிறகு புத்தி தடுமாறி, தன் வண்டியிலேயே படுத்துத் தூங்கும் நிலைக்கு வந்தார். 2002 செப்டம்பரில், 50 வயதில் மாண்டார். பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் பென்னட் ஒமாலு நைஜீரியாவிலிருந்து வந்தவர். வெப்ஸ்டரின் மூளையில் குத்துச்சண்டைக்காரர் நோயைப் போன்ற சேதத்தைக் கண்டு, 2005-ல் வைத்தியப் பத்திரிகையில் எழுதினார்.

லீக் என்ன செய்தது? 1994-லேயே அது மூளைக் காயம் பற்றி ஒரு கமிட்டி போட்டிருந்தது. அதன் தலைவர் மூளை வைத்தியர் அல்ல, மூட்டுவாத வைத்தியர்! தலையில் அடிபட்டவன் அதே ஆட்டத்தில் திரும்ப இறங்குவதில் பெரிய ஆபத்தில்லை என்று அந்தக் கமிட்டி எழுதியது. ஒமாலுவின் கட்டுரையை வாபஸ் வாங்க வேண்டும் என்றும் கமிட்டி டாக்டர்கள் கோரினார்கள்.

வேடிக்கையைக் கேளுங்கள். 1999-லேயே லீக்கின் ஓய்வூதியக் குழு, ஆட்டத்தில் தலையில் பட்ட அடிகளால்தான் வெப்ஸ்டர் செயலிழந்தார் என்று ஒப்புக்கொண்டு உதவித்தொகை வழங்கியிருந்தது. ஒரு கை பணம் கொடுத்தது. இன்னொரு கை உண்மையை மூடியது. ஆட்டத்துக்கும் நோய்க்கும் சம்பந்தம் உண்டு என்று லீக்கின் உயர் அதிகாரி பாராளுமன்ற உறுப்பினர்கள் முன்னால் ஒப்புக்கொண்டது 2016-ல்தான்.

இடையில் 4,500-க்கும் மேற்பட்ட முன்னாள் ஆட்டக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2013-ல் லீக் 76.5 கோடி டாலருக்குச் சமரசம் பேசியது. குற்றத்தை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தத் தொகை போதாமல் போகலாம் என்று நீதிபதி தடுத்த பிறகு உச்சவரம்பு நீங்கியது. அதிலும் ஒரு அக்கிரமம். கறுப்பின ஆட்டக்காரர்களின் மூளைத்திறன் ஆரம்பத்திலேயே குறைவு என்று வைத்துக்கொண்டு நஷ்டஈட்டுச் சோதனைகளைக் கணக்கிட்டார்கள்! ஆட்டக்காரர்களில் பெரும்பான்மையோர் கறுப்பினத்தவர். வழக்கும் எதிர்ப்பும் கிளம்பிய பிறகுதான், 2021-ல், இதைக் கைவிடுவதாக லீக் அறிவித்தது. மண்டையை உடைக்கும்போது நிறம் பார்க்காதவர்கள், நஷ்டஈடு தரும்போது நிறம் பார்த்தார்கள்.

'தெரிந்துதானே ஆடினான்?'

ஆபத்து என்று தெரிந்துதானே ஆடினான், கைநிறையப் பணமும் வாங்கினானே என்று சிலர் கேட்பார்கள். நாம் கேட்கிறோம்: அவனுக்கு யார் சொன்னார்கள்? தெரிந்தவர்கள் மறைத்தார்கள். அறியாமல் கொடுத்த சம்மதம் சம்மதமாகாது. அதோடு, அடிபட்டதை வெளியே சொன்னால் இடம் போய்விடும், இடம் போனால் கூலி போய்விடும். கூலி போகும் என்று காய்ச்சலோடு ஷிப்டுக்கு வருகிற தோழருக்கு இது புரியாதா?

1961-ல் இங்கிலாந்தின் கால்பந்து வீரர் சங்கம், வேலைநிறுத்தத்துக்குத் தயாராகி, வாரம் 20 பவுனுக்கு மேல் சம்பளம் கூடாது என்ற விதியை உடைத்தது. அது பெருமைக்குரிய போராட்டம். ஆனால் கூலிக்குப் போராடிய சங்கம் தலைக்குப் போராடச் சுணங்கிவிட்டது. ஆஸ்டில் தீர்ப்புக்கு 17 ஆண்டு கழித்து, 2019-ல்தான் ஸ்காட்லாந்தின் 7,676 முன்னாள் வீரர்களைப் பற்றிய ஆய்வு வந்தது. மூளை நசிவு நோய்களால் இறப்பது அவர்களிடம் மற்றவர்களைவிட சுமார் மூன்றரை மடங்கு என்று அது காட்டியது.

இதிலே நமக்கும் பாடம் உண்டு. போனசுக்கு வாயில் கூட்டம் போடுகிற வேகத்தில் பாதியையாவது தூசிக்கும், சத்தத்துக்கும், காவலில்லாத பெல்ட்டுக்கும் நமது சங்கங்கள் காட்டுகின்றனவா? நெஞ்சைத் தொட்டுச் சொல்வோம்.

நாம் கேட்பது இதுதான். ஆட்டக்காரனைப் பரிசோதிக்கும் டாக்டர், அணி முதலாளியிடம் சம்பளம் வாங்குகிறவராக இருக்கக்கூடாது. அடிபட்டு வெளியே இருக்கும் நாட்களுக்குக் கூலி வெட்டக்கூடாது. அவன் விலகுவதால் அணியும் தோற்கக்கூடாது. சர்வதேச கிரிக்கெட்டில் 2019 முதல், தலையில் அடிபட்டவனுக்குப் பதில் இன்னொருவன் முழுதாக ஆடலாம் என்று விதி வந்திருக்கிறது. செய்ய முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

நம் ஊரிலும் கபடி நடக்கிறது. தம்பிமார்கள் தலையோடு தலை மோதி விழுகிறார்கள். முகத்தில் தண்ணீர் தெளித்து, "எழுந்திருடா, ஊர் மானம் போகுது" என்று மறுபடி இறக்கிவிடுகிறோம். இனி அப்படிச் செய்யக்கூடாது. தலைசுற்றல், வாந்தி, குழப்பம், கண் கூச்சம் எது இருந்தாலும் அன்றைக்கு அவன் ஆட்டம் முடிந்தது. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். டாக்டர் சரி என்று சொல்லும்வரை களத்தில் இறக்காதீர்கள்.

கோப்பை அடுத்த வருஷமும் வரும். போன மூளை திரும்பி வராது.