மிஸ்ஸுக்கும் தொண்டை வலிக்கும்!



ஜூன் மாசம் பிறந்தால் நம் வீடுகளில் ஒரே பேச்சுதான். "எந்த ஸ்கூல்ல போடப் போறீங்க? எல்.கே.ஜி.க்கு ஃபீஸ் எவ்வளவு? வேன் வருதா? இங்கிலீஷ் பேச வைக்கறாங்களா?" கட்டிடத்தைப் பார்க்கிறோம், சறுக்கு மரத்தைப் பார்க்கிறோம், போர்டில் 'மாண்டிஸோரி' என்று போட்டிருக்கிறதா என்று பார்க்கிறோம். எல்லாம் சரி. நம் குழந்தையைப் பகல் முழுக்க வைத்துக்கொள்ளப் போகிற அந்தப் பெண்மணியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கிறோமா? அவருக்கு ஒத்தாசைக்கு ஆயா உண்டா? மத்தியானம் உட்கார்ந்து சாப்பிட அவருக்குப் பத்து நிமிஷம் கிடைக்கிறதா?

இந்தத் தடவை அவர்களைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். நர்சரி மிஸ், அங்கன்வாடி டீச்சர், காப்பகத்து ஆயாம்மா எல்லாரும் இதில் அடக்கம்.

எங்கள் ஜூஜுவாடி தமிழ்நாட்டின் வாசற்படி மாதிரி. கொஞ்ச தூரம் போனால் அத்திப்பள்ளி, அது கர்நாடகம். சிப்காட் கம்பெனிகளை நம்பி எங்கெங்கிருந்தோ வந்து குடியேறிய குடும்பங்கள் இங்கே ஏராளம். ஒரே தெருவில் ஒரு வீட்டில் தமிழ், அடுத்த வீட்டில் தெலுங்கு, எதிர் வீட்டில் கன்னடம், மாடியில் இந்தி. மூணு வயசுக் குழந்தைக்குத் தாகம் எடுத்தால் ஒன்று "தண்ணி" என்று அழும், ஒன்று "நீள்ளு" என்று அழும், ஒன்று "நீரு" என்று அழும், இன்னொன்று "பானி" என்று அழும். நாலும் ஒன்றுதான் என்று புரிந்துகொண்டு, டம்ளரை எடுத்துக்கொண்டு ஓடுவது ஒரே ஒரு டீச்சர்! அம்மா, அப்பா இருவரும் ஷிப்டுக்குப் போகிற வீடுகளில், தலைகூட வாராமல் தூக்கக் கலக்கத்தோடு வந்து சேரும் குழந்தைக்குப் பின்னல் போட்டுவிடுவதும் அவரேதான். இதெல்லாம் எந்தச் சம்பளக் கணக்கிலும் வராத வேலை.

மாண்டிஸோரி அம்மையார் என்ன சொன்னார்?

போர்டில் பெயர் போடுகிறார்களே, அந்த மரியா மாண்டிஸோரி அம்மையார் இத்தாலி தேசத்து டாக்டர். 1907-ம் வருஷம் ஜனவரி 6-ம் தேதி, ரோம் நகரில் ஸான் லொரென்ஸோ என்ற ஏழைகள் பேட்டையில் முதல் 'குழந்தைகள் வீட்டை'த் திறந்தார். அப்பா அம்மா வேலைக்குப் போய்விட, கட்டிடத்தில் சுவரைக் கிறுக்கிக்கொண்டு திரிந்த குழந்தைகளுக்காக ஏற்பட்டது அது. நம் ஊர் நிலைமைக்கு எவ்வளவு கிட்ட வருகிறது பாருங்கள்! அங்கே குழந்தைகளைக் கவனித்துக்கொண்டவர் பெரிய படிப்புப் படித்த ஆசிரியை இல்லை. அந்தக் கட்டிடக் காவலாளியின் மகள் என்று சொல்கிறார்கள்.

அந்த அம்மையாருக்கும் நம் தமிழ்நாட்டுக்கும் நெருங்கிய சொந்தம் உண்டு. 1939 நவம்பரில், தியஸாஃபிகல் சொஸைட்டி தலைவர் ஜார்ஜ் அருண்டேல் அழைப்பின் பேரில் சென்னை அடையாறுக்கு வந்தார். அருண்டேலின் மனைவிதான் கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி. ஓலைக் கொட்டகைகள் போட்டு, நாட்டின் பல பாகங்களிலிருந்தும் வந்த சுமார் 300 பேருக்குப் பயிற்சி நடந்தது. அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மகன் மரியோ இங்கிலீஷில் சொல்ல, கேட்டவர்கள் தங்கள் தங்கள் பாஷையில் மனசில் வாங்கிக்கொண்டார்கள். 1940-ல் இத்தாலி யுத்தத்தில் இறங்கியதும், எதிரி நாட்டவர் என்று மரியோவை அகமத்நகர் முகாமில் அடைத்துவிட்டது பிரிட்டிஷ் சர்க்கார். அம்மையாரின் 70-வது பிறந்த நாளான அந்த ஆகஸ்ட் 31-ல்தான் மகனை விடுவிக்கும் செய்தி வந்தது. பிறகு கொடைக்கானலில் சுமார் இரண்டு வருஷம் தங்கிக் குழந்தைகளோடு வேலை செய்தார். 1946-ல் ஐரோப்பா திரும்பும்போது, அவரிடம் பயின்ற ஆசிரியர்கள் ஆயிரத்துக்கும் மேல்.

அவர் ஆசிரியைக்குச் சொன்ன முதல் பாடம் எழுத்தைப் பற்றியோ எண்ணைப் பற்றியோ இல்லை. உன் மனசை முதலில் தயார் செய்துகொள், உன்னிடம் இருக்கும் கோபத்தையும் கர்வத்தையும் கண்டுபிடித்துக் களைந்துவிட்டுக் குழந்தையிடம் போ என்பதுதான். அவர் முறையில் டீச்சர் அதட்டுவதில்லை. தள்ளி நின்று பார்த்து, தேவைப்படும்போது மட்டும் கிட்டப் போகிறவர்.

நன்றாய்த்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கேள்வி, சகோதரிகளே. நாற்பது குழந்தை, ஒரே அறை, ஆயா லீவு, காலையில் தன் வீட்டில் சமைத்துவைத்து, தன் கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார். அவரிடம் போய் "கோபப்படாதே" என்றால் கோபம் எங்கே போகும்? வீட்டில் இரண்டு பிள்ளைகள் ஒரு மழை நாளில் அடைந்து கிடந்தால் சாயந்திரத்துக்குள் நம் குரல் எப்படி ஏறுகிறது என்று நமக்குத் தெரியாதா? பொறுமை என்பது பிறவிக் குணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பாதி அப்படி இருக்கலாம். மீதிப் பாதி, உட்கார ஒரு இடம், குடிக்கத் தண்ணீர், போய்வரக் கழிப்பறை, கைக்கு உதவியாக இன்னொருவர், மாசம் முடிந்தால் சம்பளம், இவற்றில் விளைவது.

மாண்டிஸோரி வகுப்பிலும் குழந்தைகள் கூட்டம்தான். ஆனால் மூணு வயசும் அஞ்சு வயசும் கலந்து இருக்கும். பெரியது சின்னதுக்குப் பித்தான் போடச் சொல்லிக் கொடுக்கும். ஒவ்வொன்றும் தனக்குப் பிடித்த வேலையைத் தானே எடுத்துச் செய்யும்: தண்ணீர் ஊற்றுவது, துணி மடிப்பது, கட்டைகளை அடுக்குவது. அதனால் டீச்சர் கத்த வேண்டியதில்லை. ஒரே வயசுக் குழந்தைகளை வரிசையாக உட்காரவைத்து ஏ, பி, சி, டி ஒப்பிக்கச் சொல்லும் இடத்தில்தான் அத்தனை பேரையும் குரலாலேயே கட்டிப்போட வேண்டியிருக்கிறது. பெயர் மட்டும் மாண்டிஸோரி!

நம் அங்கன்வாடி

நம் நாட்டில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ம் தேதி ஆரம்பமாயிற்று. தமிழ்நாட்டில் இன்று சுமார் 54,000 அங்கன்வாடிகள் இருக்கின்றன. வயசு கலந்த வகுப்பு இங்கே இயல்பாகவே அமைந்திருக்கிறது. ஆனால் டீச்சருக்குப் பாடம் மட்டுமா வேலை? குழந்தைகளை எடை போட வேண்டும், தடுப்பூசி நாளை ஞாபகப்படுத்த வேண்டும், கர்ப்பிணிகளைப் பார்த்து வர வேண்டும், சத்துமாவு கொடுக்க வேண்டும். 2021-லிருந்து 'போஷன் டிராக்கர்' என்று செல்போனில் வேறு பதிவு செய்ய வேண்டும். ஒரு கையில் போன், இன்னொரு கையில் அழுகிற குழந்தை. இதைப் பார்த்துவிட்டு "எப்பப் பாரு போனும் கையுமா இருக்கா" என்று சொல்கிறவர்களும் உண்டு!

உடம்பையும் பாருங்கள், டீச்சரம்மா

இதைப் படிக்கும் சகோதரிகளில் டீச்சர்களும் இருப்பீர்கள். உங்களுக்காகச் சில குறிப்புகள்.

தொண்டை: குரல் கெட்டுப்போவது ஆசிரியர்களுக்கு அதிகமாக வருகிற தொல்லை. கத்துவதற்குப் பதில் கை தட்டுங்கள், சின்ன மணி அடியுங்கள், ஒரு பாட்டை ஆரம்பியுங்கள். மாண்டிஸோரி அம்மையாரின் 'மௌன விளையாட்டு' இதற்கு நல்ல உபாயம். எல்லாரும் அசையாமல் உட்கார வேண்டும். டீச்சர் அறைக்கு வெளியே நின்று ஒவ்வொரு பெயராக மிக மெல்லக் கூப்பிட, அந்தக் குழந்தை சத்தமில்லாமல் நடந்து வர வேண்டும். வாண்டுகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும். தொண்டையை அடிக்கடி கனைக்காதீர்கள். குரல் கம்மியிருக்கும்போது குசுகுசுவென்று பேசினாலும் சிரமம்தான், பேசாமல் இருப்பதே மருந்து. இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு போகவில்லை என்றால் காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

தண்ணீர்: எங்கள் தெருவில் ஒரு நர்சரி மிஸ் இருக்கிறாள். காலையில் போனால் சாயந்திரம் வரைக்கும் தண்ணீரே குடிக்க மாட்டாள். "குடிச்சா பாத்ரூம் போகணுமேக்கா, பிள்ளைங்களை யார்கிட்ட விடறது?" என்றாள். இது பொறுமை இல்லை, உடம்புக்குச் செய்யும் துரோகம். தண்ணீர் குடிக்காமல், சிறுநீரையும் அடக்கினால் கிருமி தங்கி எரிச்சலும் கடுப்பும் வரும். குளிர் ஜுரமும் விலாப்பக்கத்தில் முதுகு வலியும் சேர்ந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே டாக்டரிடம் போக வேண்டும். பக்கத்து வகுப்பு மிஸ்ஸோடு பேசி முறை வைத்துக்கொள்ளுங்கள்: அவர் போகும்போது நீங்கள் பார்ப்பது, நீங்கள் போகும்போது அவர் பார்ப்பது.

இடுப்பும் முட்டியும்: குழந்தைகளின் உயரத்துக்குக் குனிந்து குனிந்தே இடுப்பு போகும். ஒரு மணையோ சின்ன முக்காலியோ வைத்துக்கொண்டு உட்கார்ந்து பேசுங்கள். குழந்தையைத் தூக்கும்போது முதுகை வளைக்காமல் முட்டியை மடக்கி, மார்போடு அணைத்துத் தூக்குங்கள்.

கர்ப்பமாக இருந்தால்: ரூபெல்லா, சின்னம்மை இரண்டும் முன்பு வந்திராத, தடுப்பூசியும் போடாத கர்ப்பிணிகளுக்கு ஆபத்தானவை. கல்யாணத்துக்கு முன்பே, அல்லது கருத்தரிக்கும் முன்பே, தடுப்பூசி விஷயத்தை டாக்டரிடம் கேட்டு வையுங்கள். கர்ப்பமான பிறகு இந்த ஊசிகளைப் போடக் கூடாது.

நாம் செய்யக் கூடியவை

இனி அம்மாமார்களுக்கு.

பள்ளிக்கு அனுப்பும் முன்பே குழந்தைக்குத் தானாகச் சாப்பிடவும், 'ஒண்ணுக்கு வருது' என்று சொல்லவும், செருப்பு மாட்டவும் பழக்குங்கள். கொக்கி வைத்த நிக்கர் வேண்டாம், எலாஸ்டிக் போதும். டிபன் டப்பா மூடி குழந்தையே திறக்கிற மாதிரி இருக்கட்டும். முப்பது டப்பாவை ஒருத்தர் திறப்பது என்றால் சும்மாவா?

ஜுரத்தோடு மாத்திரை கொடுத்து அனுப்பாதீர்கள். அம்மை போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று என்பது மட்டும் போதாது. கொப்புளம் அத்தனையும் காய்ந்து பொருக்குத் தட்டிய பிறகே அனுப்ப வேண்டும். அங்கே மிஸ் முழுகாமல் இருக்கலாம், நமக்குத் தெரியாது.

கூட்டிப் போகிற நேரத்துக்குப் போய்விடுங்கள். ஷிப்டு முடிய நேரமாகும் என்றால் யார் வருவார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். அவர் வீட்டிலும் ஒரு குழந்தை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

"மூணு மாசமாச்சு, இன்னும் எழுத வைக்கலையா?" என்று விரட்டாதீர்கள். மூணு வயசு விரல் பென்சிலுக்குத் தயாராக இல்லை. நாம் டீச்சரை விரட்டினால் அவர் குழந்தையை விரட்டுவார். குறை இருந்தால் குழந்தையின் எதிரில் பேசாமல் தனியாகப் பேசுங்கள். அடித்தார், அவமானப்படுத்தினார் என்றால் மட்டும் பொறுத்துப்போகவே கூடாது. உடனே நிர்வாகத்திடம் கேளுங்கள். டீச்சரின் களைப்பைப் புரிந்துகொள்வது வேறு, அடியைச் சகித்துக்கொள்வது வேறு.

பெற்றோர் கூட்டத்தில் ஃபீஸைப் பற்றி மட்டும் பேசாமல், "ஒரு மிஸ்ஸுக்கு எத்தனை குழந்தை? ஆயா எத்தனை பேர்? டீச்சர்களுக்குக் கழிப்பறை, குடிதண்ணீர் இருக்கா? ஒருத்தர் சாப்பிடும்போது வகுப்பை யார் பார்க்கிறாங்க?" என்று கேளுங்கள. டீச்சர்கள் வாய் திறந்தால் வேலைக்கு ஆபத்து. பணம் கட்டுகிற நாம் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒருத்தி கேட்டால் வம்பு என்பார்கள், பத்துப் பேர் கேட்டால் ஏற்பாடு செய்வார்கள்.

இன்னொரு சேதி. 2022-ல் சுப்ரீம் கோர்ட் இரண்டு தீர்ப்புகள் தந்தது. ஏப்ரலில், அங்கன்வாடிப் பணியாளருக்கும் உதவியாளருக்கும் பணிக்கொடை பெற உரிமை உண்டு என்றது. ஆகஸ்டில், தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கும் அது உண்டு என்ற சட்டத் திருத்தம் செல்லும் என்றது. ஆகவே நர்சரி மிஸ்களே, வேலையில் சேர்ந்த கடிதம், சம்பள ரசீது எல்லாவற்றையும் பீரோவில் கல்யாணப் பத்திரிகையோடு பத்திரமாக வையுங்கள். "நம்ம பொண்ணு மாதிரி, கடிதம் எதுக்கு?" என்று யாராவது சொன்னால், பொண்ணுக்கும் கடிதம் தரலாமே என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள்.

நாம் வீட்டில் எவ்வளவு பார்த்துப் பார்த்துக் குழந்தைக்கு ஊட்டினாலும், பகலில் அது வளர்வது அந்த மடியில். மடி வாடாமல் இருந்தால்தான் குழந்தை வாடாமல் இருக்கும். நாளைக்குக் கூட்டிவரப் போகும்போது, "இன்னிக்கு என்ன எழுதினான்?" என்று கேட்பதற்கு முன்னால், "நீங்க சாப்பிட்டீங்களா, டீச்சர்?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்.

அடுத்த இதழில், பள்ளிக்குப் போகிற வாண்டுகளுக்கு ராகி மாவில் செய்யக் கூடிய டிபன் வகைகளோடு வருகிறேன். வணக்கம்.