ஓரத்தை வெட்டாதீர்கள்

பழைய ஐரோப்பிய நூல்களிலிருந்தும் நிலப்படங்களிலிருந்தும் ஒரு படத்தை எடுத்து மறுபதிப்புச் செய்கிறவர்கள் பலர் முதலில் கைவைப்பது ஓரத்தில்தான். சுருள் வளைவுகள், பழக்கொத்துகள், சிறகு முளைத்த கொழுகொழு குழந்தைகள் எல்லாம் வெறும் ஜோடனை என்று வெட்டியெறியப்படுகின்றன. பரோக் காலச் செப்புத்தகட்டுச் சித்திரங்களுக்கு இது பெரிய அநியாயம்.

1613-இல் ஆண்ட்வெர்ப் நகரில் ஒளியியல் பற்றிய ஒரு லத்தீன் நூல் வெளிவந்தது. எழுதியவர் பிரான்சுவா டி அகிலோன் என்ற இயேசு சபைத் துறவி. அதன் ஆறு பாகங்களுக்கும் முகப்புச் சித்திரம் வரைந்தவர் பீட்டர் பால் ரூபென்ஸ். தகட்டில் செதுக்கியவர் தியோடோர் கால். அந்தப் படங்களில் சிறகுக் குழந்தைகள் சும்மா பறந்து திரியவில்லை, ஆய்வு செய்கிறார்கள். ஒற்றைக்கண் அரக்கனின் விழியை அறிஞர் அறுத்துப் பார்க்க, அவர்கள் உதவுகிறார்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டால் கோலின் நுனியைத் தொடுவது எவ்வளவு சிரமம் என்று இன்னொரு படம் காட்டுகிறது. வேறொன்றில் ஒற்றைச் சுடரையும் இரட்டைச் சுடரையும் வைத்து வெளிச்சத்தின் அளவை ஒப்பிடுகிறார்கள். ஒளிமானியின் மிகப் பழைய சித்திரம் என்று அறிவியல் வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவது இதைத்தான். இந்தக் குழந்தைகளை அலங்காரம் என்று ஒதுக்கினால் பாடமே போய்விடும்.

செலவையும் யோசிக்க வேண்டும். அச்செழுத்தில் மை மேட்டில் நிற்கும். செப்புத்தகட்டில் அது பள்ளத்தில் தங்கும். அதனால் ஒரே தாளை எழுத்துக்கு ஓர் அச்சுப்பொறியிலும் படத்துக்கு உருளைப் பொறியிலும் தனித்தனியாக ஓட்ட வேண்டியிருந்தது. காரணமில்லாமல் எந்தப் பதிப்பாளரும் இதற்குப் பணம் போட்டிருக்க மாட்டார்.

நிலப்படங்களின் கதையும் இதுதான். 1662-இல் ஆம்ஸ்டர்டாமில் யோவான் பிளாவ் வெளியிடத் தொடங்கிய மாபெரும் நிலப்படத் தொகுப்பைப் பாருங்கள். தலைப்பு, அளவுகோல், படம் யாருக்குக் காணிக்கை என்ற வரி ஆகியவை பெரும்பாலும் அலங்காரச் சட்டகங்களுக்குள்ளேயே இருக்கின்றன. அளவுகோலுக்குப் பக்கத்தில் கவராயம் பிடித்து நிற்பவர்களும் பல படங்களில் இதே குழந்தைகள்தான். சட்டகத்தை வெட்டினால் படத்தின் அளவு தெரியாது; யாருடைய ஆதரவை நாடி அது அச்சானது என்பதும் தெரியாது.

எல்லாச் சட்டகமும் புதுக் கற்பனை அல்ல என்பது உண்மைதான். பாரிஸில் வாழ்ந்த பிளாரன்ஸ்காரர் ஸ்டெபானோ டெல்லா பெல்லா 1646-இல் இத்தகைய சட்டகங்களை மாதிரித் தொகுப்பாகவே வெளியிட்டார். பட்டறைகள் இப்படிப்பட்ட தொகுப்புகளைப் பார்த்து வரைந்தன. எந்த வடிவம் எந்த ஊருக்குப் போனது என்று தடம் பிடிக்க இந்த ஓரங்களே சாட்சி.

பதிப்பாளர்களும் நூலகங்களும் பாடநூல் தயாரிப்பவர்களும் ஒன்று செய்யலாம். தாளில் தகடு அழுந்திய தடம்வரை முழுப் படத்தையும் வெளியிடுங்கள். இடம் போதாவிட்டால் படத்தைச் சிறிதாக்குங்கள், ஓரத்தை வெட்டாதீர்கள்.