விலைக்கு வரும் விரைவு

கடல் கடந்து செல்ல விழையும் குடிமகன், துரைத்தனத்தின் கருணைப் பார்வைக்காகக் காத்துக் கிடந்த காலம் ஒன்று இருந்தது. கடவுச்சீட்டு கொடுத்தால் பெற்றுக்கொள்ளலாம். மறுத்தால், ஏன் என்று கேட்கச் சட்டத்தில் இடமில்லை! 1967 ஏப்ரல் திங்களில், தலைமை நீதிபதி சுப்பாராவ் தலைமையில் அமர்ந்த உச்சநீதிமன்ற ஆயம், சத்வந்த் சிங் சாவ்னி தொடுத்த வழக்கிலே, வெளிநாடு செல்வது தனிமனித உரிமையின் ஒரு கூறு என்று தீர்ப்பளித்தது. ஐவரில் மூவர் ஆம் என்றனர். இருவர் அல்ல என்றனர். அவ்வாண்டிலேயே கடவுச்சீட்டுச் சட்டமும் பிறந்தது.

சலுகை, உரிமை ஆயிற்று, மகிழ்ச்சி! ஆனால் அந்த உரிமையைப் பெற இன்று இரண்டு வரிசைகள் இருக்கின்றனவே, கவனித்தீர்களா, தோழர்களே? ஒன்று சாதாரண வரிசை. மற்றொன்று தட்கல் வரிசை. வடமொழிச் சொல், நம் மொழியிலே ‘உடனடி’. 2012-ஆம் ஆண்டு வகுத்த கட்டணப்படி, 36 பக்கச் சீட்டுக்குச் சாதாரண வழியில் 1,500 ரூபாய். உடனடி வேண்டுவோர் மேலும் 2,000 சேர்த்து 3,500 கட்ட வேண்டும். ஒரே சீட்டு, ஒரே அச்சு, ஒரே முத்திரை. இருப்பவனுக்கு நாள்கணக்கு, இல்லாதவனுக்கு வாரக்கணக்கு!

அந்த 2,000 ரூபாய்க்கு என்ன வாங்குகிறோம்? புதிதாகச் சீட்டுக் கேட்போர்க்குப் பெரும்பாலும் தாமதம் விளைவது அச்சடிப்பதிலன்று, போலீஸ் விசாரணையிலே. சாதாரண வழியில் விசாரணை முந்தும், சீட்டு பிந்தும். தட்கலில் சீட்டு முந்தும், விசாரணை பிந்தும். முன்விசாரணை தேவையில்லை என்று அலுவலகம் முடிவு செய்துவிட்டால், விண்ணப்பித்த நாள் நீங்கலாக மூன்றாம் வேலைநாளில் சீட்டை அனுப்பிவிடுகிறார்கள். ஆக, விற்கப்படுவது உழைப்பன்று, நம்பிக்கை! கூடுதல் பணம் கட்டியவனை நம்பலாம், கட்டாதவனை நம்பலாகாது என்பது எந்த ஊர் நியாயம்?

‘பாதுகாப்பு வேண்டாமா?’ என்று கேட்பார்கள். வேண்டும், மறுப்பார் யார்? ஆனால் 2016 சனவரியில் வெளியுறவுத்துறையே ஓர் அறிவிப்புச் செய்தது. ஆதார், வாக்காளர் அட்டை, பான் அட்டை, உறுதிமொழி இவற்றைத் தரும் சாதாரண விண்ணப்பதாரருக்கும், கூடுதல் கட்டணமின்றி, முதலில் சீட்டு, பிறகு விசாரணை என்றது. அப்படியானால் பாதுகாப்பைக் காப்பது சான்றுகளா, 2,000 ரூபாயா?

கேள்வி இருக்கட்டும், விடை வரும்வரை நம் மக்கள் ஏமாறலாகாது. எந்த வரிசை யாருக்கு என்பதைத் தெளிந்து சொல்வது நம் கடமை.

பயணத்துக்கு இன்னும் சில திங்கள் இருக்கின்றனவா? சாதாரண வரிசையே போதும். மிச்சமாகும் 2,000 ரூபாய் வீட்டுக்கு அரிசியாகும். பழைய சீட்டு முடியப்போகிறதா? முடிவதற்கு ஓராண்டு முன்னரே புதுப்பிக்க மனுக் கொடுக்கலாம். பல நாடுகள் சீட்டிலே ஆறு மாதக் கெடு மீதி இருக்கவேண்டும் என்று கேட்கின்றன. ஆகவே கடைசி நாள்வரை காத்திருப்பது அறிவுடைமையன்று. அயல்நாட்டிலே உறவினர் உயிருக்குப் போராடுகிறாரா, வேலையில் சேரும் நாள் நெருங்கிவிட்டதா? அப்போது தயங்காமல் தட்கலை நாடுக. ஆனால் அது எல்லோர்க்கும் திறந்த கதவன்று. வெளிநாட்டிலிருந்து திருப்பியனுப்பப்பட்டவர் போன்ற சிலருக்கு அவ்வழி இல்லை. பணம் கட்டியும் சான்றுகள் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் விரைவு கிட்டாது. ஆகவே, பணத்தை எண்ணுமுன் பெயரின் எழுத்தையும் பிறந்த நாளையும் எல்லாச் சான்றுகளிலும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. பத்தாம் வகுப்புத் தேறாத தொழிலாளி, வளைகுடா நாடுகளுக்கோ மலேசியாவுக்கோ வேலைக்குச் செல்வதாயின், 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி தனி அனுமதியும் பெறவேண்டும். விசாவுக்கும் நாள் பிடிக்கும். மூன்று நாளில் சீட்டு வந்தாலும் அந்த நாள்கள் குறையப்போவதில்லை. புறப்படும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, மூன்றுக்கும் உரிய நாள்களைக் கழித்துப் பார்த்த பிறகே வரிசையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தக் கணக்கு அறியாத ஏழையிடந்தான் தரகன் வருகிறான். ‘நான் முடித்துத் தருகிறேன்’ என்கிறான். அரசு கேட்ட கட்டணத்துக்கு மேல் தன் கட்டணத்தையும் கறக்கிறான்.

தோழர்களே! சென்னை, திருச்சி, மதுரை, கோவை ஆகிய நான்கு நகரங்களில் மண்டலக் கடவுச்சீட்டு அலுவலகங்கள் இருக்கின்றன. 2017 முதல் அஞ்சலகங்கள் சிலவற்றிலும் சேவை மையங்கள் திறந்தார்கள். அங்கே போகும் வழியையும், கட்ட வேண்டிய தொகையையும், கொண்டு செல்லவேண்டிய சான்றுகளையும் உங்கள் படிப்பகத்துப் பலகையிலே எழுதி வையுங்கள். மனுவை நிரப்பத் தெரியாதவர்க்கு மாலையிலே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

அத்தோடு ஒரு குரலும் எழட்டும்: விரைவு வரிசையின் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லியன்று, சாதாரண வரிசையையே விரைவாக்கச் சொல்லி! மூன்று நாளில் முடியும் வேலை என்று அரசே மெய்ப்பித்துவிட்டது. முடியும் என்று காட்டியதை முறையாக்குக என்று கேட்பது பிச்சையன்று, உரிமை!