குறைத்துச் சாப்பிடாதே... தேர்ந்தெடுத்துச் சாப்பிடு!



நான் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும், காலை 9 மணி ஆனால் போதும். காது தானாகவே பிரார்த்தனை மணியைத் தேடும். அந்த மணியோடு ஒரு மாணவியின் முகமும் நினைவுக்கு வரும். அவள் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். பெயர் வேண்டாம். இந்தக் கதையில் தப்புச் செய்தது அவள் அல்ல, நான்தான்!

பழனிக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு ஆசிரியையாக இருந்தேன். ஆண்டு விழா நாடகத்துக்கு ஆள் தேர்வு செய்துகொண்டிருந்தோம். 'பூதம் வேஷம் யாருக்கு டீச்சர்?' என்று ஒரு பையன் கேட்டான். கொஞ்சம் பூசினாற்போல் இருக்கும் அந்தப் பெண்ணைப் பார்த்து, 'இதோ இருக்காளே, மேக்கப்பே வேண்டாம்' என்று சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். அதனால், நான் அதை அப்போதே மறந்துவிட்டேன்.

மூன்று வாரம் கழிந்தது. ஒரு திங்கட்கிழமை, காலைப் பிரார்த்தனையின்போது அவள் மயங்கி விழுந்தாள். நிழலில் படுக்க வைத்துவிட்டு, வீட்டுக்கு ஆள் அனுப்பினோம். ஓடி வந்த அவளுடைய அம்மா, 'டீச்சர், மூணு வாரமா காலையில வெறும் டீத்தண்ணிதான் குடிக்கிறா. கேட்டா, கலோரியைக் குறைக்கிறேன்னு சொல்றா. மத்தியான டப்பாவையும் யாருக்கோ குடுத்துட்டு வர்றா போல' என்று கண் கலங்கினார்.

'ஏன் கண்ணு இப்படிப் பண்ணினே?' என்று கேட்டேன்.

'பூதம் வேஷம் வேண்டாம்னுதான் டீச்சர்...' என்றாள்.

அன்று நான் குனிந்த தலை நிமிர நேரமாயிற்று. மறுநாள் வகுப்பில் எல்லார் முன்னாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அதோடு விட்டால் போதுமா? 'குறைவான கலோரி' என்றால் 'பட்டினி' என்று அவள் நினைத்துக்கொண்டாளே, அதைத் திருத்த வேண்டாமா? அன்று அவளுக்குச் சொன்னதைத்தான் இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

கலோரி என்றால் ஏதோ கெட்ட பொருள் என்று எண்ணிவிடாதீர்கள். வீட்டுக்கு மின்சாரத்தை யூனிட்டில் அளப்பதுபோல, உணவிலுள்ள சக்தியை அளக்கும் கணக்குதான் அது. ஒரு கிலோ தண்ணீரின் வெப்பநிலையை 1 டிகிரி செல்சியஸ் உயர்த்த எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அதுதான் உணவுக் கணக்கில் ஒரு கலோரி. அறிவியல் புத்தகத்தில் இதைக் கிலோ கலோரி என்பார்கள். ஓடவும், படிக்கவும், உயரமாக வளரவும் இந்தச் சக்தி வேண்டும். வளரும் பிள்ளைகளுக்கு நிச்சயம் வேண்டும்!

இப்போது மூன்றே மூன்று கணக்கை மனதில் வையுங்கள். ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி. ஒரு கிராம் புரதத்திலும் 4 கலோரி. ஒரு கிராம் எண்ணெயில் 9 கலோரி. தண்ணீரில்? பூஜ்யம்!

இந்தக் கணக்கு தெரிந்தால், சமையலறையே உங்களுக்குப் பாடம் நடத்தும். அம்மா உருளைக்கிழங்கைச் சீவி எண்ணெயில் போடும்போது, 'சோ'வென்று குமிழி வருகிறதே, அது என்ன? கிழங்கிலுள்ள தண்ணீர் ஆவியாகி வெளியேறுகிறது. அது இருந்த இடத்தில் எண்ணெய் குடியேறிவிடுகிறது. பூஜ்யம் போய் 9 வந்து உட்கார்ந்துகொள்கிறது! அதனால்தான் 100 கிராம் அவித்த உருளைக்கிழங்கில் 90 கலோரிக்குள் இருக்க, 100 கிராம் சிப்ஸில் 500-க்கு மேல் இருக்கிறது. கிழங்கு என்ன பாவம் செய்தது? வாணலிதான் வித்தியாசம்.

இட்லியைப் பாருங்கள். அது ஆவியில் வேகிறது. தட்டில் தடவும் எண்ணெயோடு சரி. ஒரு நடுத்தர இட்லியில் ஏறக்குறைய 50 முதல் 60 கலோரிதான். இடியாப்பம், கொழுக்கட்டை, புட்டு எல்லாம் இந்த ஆவிக் குடும்பம்தான். (புட்டில் சர்க்கரையையும் தேங்காயையும் மலைபோல் குவித்தால் கணக்கு மாறிவிடும்!)

குளிர்பானத்துக்கு வருவோம். பல இனிப்புக் குளிர்பானங்களில் 100 மில்லிக்கு 10 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கும். 300 மில்லி பாட்டில் என்றால் 30 கிராம். டீ ஸ்பூனில் அள்ளினால் ஆறு ஸ்பூன்! நாலால் பெருக்குங்கள், 120 கலோரி. குடித்துச் சிறிது நேரத்தில் மறுபடியும் பசிக்கும். அதற்குப் பதில், ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு தண்ணீர் விட்டு, இஞ்சி, கறிவேப்பிலை, கொத்தமல்லி தட்டிப் போட்ட நீர்மோர் ஒரு டம்ளர் குடியுங்கள். 30 கலோரி அளவுதான். வெயிலுக்கு இதைவிட ருசியான பானம் எது?

'டீச்சர், கலோரி குறைவு என்றால் சப்பென்று இருக்குமே?' என்றுதானே கேட்கிறீர்கள்? என் மாணவர்களும் அப்படித்தான் கேட்டார்கள். அதற்காகவே, வெள்ளிக்கிழமைகளில் ஒரு போட்டி வைத்தேன். விதி இரண்டே இரண்டு. எண்ணெயில் பொரித்ததும், கடையில் பாக்கெட்டில் வாங்கியதும் கூடாது. பக்கத்தில் இருப்பவர் 'இன்னும் கொஞ்சம் கொடு' என்று கேட்க வேண்டும்!

எத்தனை விதம் வந்தது தெரியுமா? மாங்காய் நறுக்கிப் போட்ட பட்டாணிச் சுண்டல். உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய வெள்ளரிக்காய். அதில் பெரும்பங்கு தண்ணீர்தான், 100 கிராமுக்கு 15 கலோரி அளவே. வேகவைத்த பனங்கிழங்கு. தர்பூசணித் துண்டுகள். பக்கத்து ஆயக்குடிக் கொய்யாவுக்குச் சொல்லவே வேண்டாம்! 100 கிராம் கொய்யாவில் 70 கலோரிக்கு மேல் இராது. வைட்டமின் சி-யோ ஆரஞ்சைப்போல் பல மடங்கு. சாறாக்கிச் சர்க்கரை போடாமல் கடித்துத் தின்றால், நார்ச்சத்தும் சேர்ந்து வயிறு நிறையும்.

முதல் பரிசு யாருக்குத் தெரியுமா? அந்தப் பெண்ணுக்கு! அவள் கொண்டுவந்தது வெறும் பொரி. வெங்காயம், தக்காளி, கேரட் துருவல், எலுமிச்சைச் சாறு சேர்த்துக் கலந்திருந்தாள். பொரி காற்றடைத்த பண்டம். ஒரு கோப்பை நிறைய எடுத்தாலும் 60 கலோரியைத் தாண்டாது. டப்பா ஐந்து நிமிடத்தில் காலி!

இங்கே ஓர் எச்சரிக்கை. கலோரி குறைந்தது எல்லாம் நல்லது, கூடியது எல்லாம் கெட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நிலக்கடலையில் கலோரி அதிகம். ஆனால் புரதமும் அதிகம். ஒரு கைப்பிடி தாராளமாகச் சாப்பிடலாம். ஒல்லியாக இருக்கும் பிள்ளைகளுக்குக் கடலையும் முட்டையும் வாழைப்பழமும் நல்ல நண்பர்கள். அதேபோல, 'சிறுதானியம் என்றால் கலோரியே இல்லை' என்று நினைப்பவர்கள் உண்டு. அதுவும் சரியல்ல. உலர்ந்த கேழ்வரகிலும் கம்பிலும் ஏறக்குறைய அரிசி அளவுக்கே கலோரி இருக்கிறது. நார்ச்சத்தும், கேழ்வரகில் கால்சியமும் கூடுதல் என்பதே அவற்றின் பெருமை. கூழ் லேசாக இருப்பதற்குக் காரணம், அதில் சேரும் தண்ணீர்!

தீபாவளி முறுக்கையும், பொங்கலன்று சர்க்கரைப் பொங்கலையும் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். பண்டிகைக்குப் பண்டிகைப் பலகாரம்தான் அழகு. தினமும் பண்டிகை கொண்டாடுவதுதான் ஆபத்து.

பெரியவர்களுக்கும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும், பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் பிள்ளைகளுக்கும் விற்கக் கூடாது என்று, இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-ல் விதி கொண்டுவந்தது. விதி காகிதத்தில் இருந்தால் போதுமா? வாசலில் சரம் சரமாகத் தொங்கும் பாக்கெட்டுகளை எடுக்கச் சொல்வதோடு, கொய்யா விற்கும் பாட்டிக்கு அங்கே இடமும் கொடுக்க வேண்டும். நல்லதை எட்டாத தூரத்தில் வைத்துவிட்டு, பிள்ளைகளைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை.

இன்னொன்று. 'குண்டு', 'ஒல்லிக்குச்சி' என்று செல்லமாகக்கூடப் பிள்ளைகளை அழைக்காதீர்கள். எடை கூட வேண்டுமா, குறைய வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்லட்டும். நம் வாய்க்கு அந்த வேலை வேண்டாம். ஒரு வரிக் கேலி, ஒரு பிள்ளையை மூன்று வாரம் பட்டினி போட்டதை என் கண்ணால் பார்த்தவள் நான்.

செல்லங்களே, காலை உணவை மட்டும் ஒருநாளும் தவிர்க்காதீர்கள். நம் அரசு 2022-ல் பள்ளிகளில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கியதே, எதற்காக? காலிவயிற்றில் பாடம் ஏறாது என்பதால்தான். இன்று மாலை தின்பண்டம் வாங்கும்போது, பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பி, 100 கிராமுக்கு எத்தனை கலோரி என்று பாருங்கள். பிறகு வாசலில் இருக்கும் கொய்யாக் கூடையைப் பாருங்கள். எது வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

அந்த ஆண்டு நாடகம் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? பூதத்தையே கதையிலிருந்து எடுத்துவிட்டேன். அந்தப் பெண் நீதிபதியாக மேடை ஏறினாள். வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்து அவள் தீர்ப்புச் சொன்ன குரல், கடைசி வரிசை வரைக்கும் கணீரென்று கேட்டது!