விற்ற கேமைத் திரும்பப் பிடுங்குவது எந்த ஊர் வியாபாரம்?

பழைய கேம் ஆடுகிறவர்களைப் பார்த்தால் சிலருக்கு எப்போதுமே ஒரு இளக்காரம். "இந்தக் காலத்திலும் டெட்ரிஸா?" என்று சிரிப்பார்கள். கிராஃபிக்ஸ் இல்லை, கதை இல்லை, மேலே இருந்து விழுகிற கட்டையை அடுக்குவதெல்லாம் ஒரு விளையாட்டா என்பார்கள். கடைசியில் "எல்லாம் சின்ன வயசு ஞாபகம்தான், வேற ஒண்ணுமில்லை" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

அவர்களுக்கு ஒரு செய்தி. 2023 டிசம்பரில் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் ஒரு 13 வயதுப் பையன், நின்டெண்டோ டெட்ரிஸை 157-வது லெவல் வரைக்கும் ஆடி, கேமே திணறி உறைந்து நிற்கும்படி செய்தான். அந்த கேம் வெளியானது 1989-ல். 34 வருடமாக எந்த மனிதரும் அதை அந்த எல்லை வரை துரத்திக்கொண்டு போனதில்லை. பிறப்பதற்கு 20 வருடம் முன்னால் வந்த கேமில் அந்தப் பையனுக்கு என்ன சின்ன வயசு ஞாபகம் இருக்க முடியும்? கேம் நன்றாக இருக்கிறது, ஆடுகிறான். அவ்வளவுதான் விஷயம்.

இன்னொன்று. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 வந்தது 1999-ல். அதைத் தட்டி ஒட்டி 2013-ல் ஒரு தடவை விற்றார்கள், 2019-ல் இன்னொரு தடவை விற்றார்கள். 2022-ல் அதில் திராவிடர் என்று ஒரு நாகரிகத்தையே சேர்த்தார்கள். சிப்பாயைக் கிளிக் செய்தால் தமிழில் பதில் சொல்கிறான், ராஜேந்திர சோழனின் கதையையே ஆடலாம். 23 வயதான கேமுக்குப் புதுச் சரக்கு தயாரித்து விற்கிற அளவுக்கு ஆள் இருக்கிறது என்றால், அது வெறும் ஞாபகம் இல்லை, மார்க்கெட்!

ஆக, பழைய கேம்களுக்கு ஆள் இருக்கிறதா என்ற கேள்விக்கே இடமில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு. இன்றைக்கு விற்கிற கேம்கள் 30 வருடம் கழித்துப் பழைய கேம்களாகவாவது மிஞ்சுமா?

டெட்ரிஸ் பிழைத்தது நல்ல கேம் என்பதால் மட்டும் இல்லை. அது கேட்ரிட்ஜில் இருந்தது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் சிடியில் இருந்தது. காசு கொடுத்தவன் கையில் சரக்கு இருந்தது. பாட்டியின் பல்லாங்குழிப் பலகை பேத்திக்கு வருகிறது. நடுவில் ஒரு நாள் தச்சர் வந்து, "அம்மா, இந்த மாடலை நிறுத்திவிட்டோம்" என்று சொல்லிப் பலகையைத் தூக்கிக்கொண்டு போவதில்லை.

கேம் கம்பெனிகள் அதைத்தான் செய்கின்றன.

யூபிசாஃப்ட் கம்பெனியின் 'தி க்ரூ' என்ற கார் ரேஸ் கேம் 2014 டிசம்பரில் வந்தது. தனியாக ஆடுவதற்கே அதில் நிறைய இருந்தது. ஆனால் தனியாக ஆடினாலும் கம்பெனி சர்வரோடு இணைந்திருக்க வேண்டும் என்று கட்டி வைத்திருந்தார்கள். 2024 மார்ச் 31-ம் தேதி சர்வரை அணைத்தார்கள். டிஸ்க் கையில் இருந்தும் கேம் இல்லை. முழு விலை கொடுத்து வாங்கியவனுக்கு மிஞ்சியது அட்டைப்பெட்டிதான். 1989-ம் வருட கேம் இன்னும் ஓடுகிறது. 2014-ம் வருட கேம் பத்து வயது நிறைவதற்குள் காலி.

கலிஃபோர்னியாவில் இரண்டு பேர் இதற்காக வழக்குப் போட்டார்கள். கம்பெனியின் பதில்: நீங்கள் வாங்கியது கேமை அல்ல, அதைப் பயன்படுத்த ஒரு வரையறுக்கப்பட்ட லைசென்ஸை!

பி.காம் படிக்கிற யாருக்கும் இந்த இடத்தில் காது விடைக்க வேண்டும். 1930-ம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தில் விற்பனை என்றால் என்ன? விலையைப் பெற்றுக்கொண்டு சரக்கின் உரிமையை விற்பவர் வாங்குபவருக்கு மாற்றிக் கொடுப்பது. பரீட்சைக்காகவாவது எல்லோரும் உருப்போட்டது இது. மென்பொருள் ஒரு சரக்கா என்று கேட்கிறவர்களுக்கும் பதில் இருக்கிறது. டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் எதிர் ஆந்திரப் பிரதேச மாநிலம் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004-லேயே சொல்லிவிட்டது: சிடியில் போட்டுக் கடையில் விற்கிற மென்பொருள் சரக்குதான், அதற்கு விற்பனை வரி உண்டு.

அதாவது வரி வாங்கும்போது அது சரக்கு. விலை வாங்கும்போதும் சரக்கு. வாங்கியவன் வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு மட்டும் லைசென்ஸ். நல்ல நியாயம்!

கம்பெனிகளுக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் வழக்கமாக மூன்று காரணம் சொல்வார்கள். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

1. "காலம் முழுக்க சர்வர் ஓட்ட யார் காசு கொடுப்பது?"

யாரும் அதைக் கேட்கவே இல்லை. ராஸ் ஸ்காட் என்பவர் 2024-ல் தொடங்கிய 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம் கேட்பது இவ்வளவுதான்: கடையைச் சாத்துங்கள், ஆனால் சாத்துவதற்கு முன் வாங்கியவர்கள் தாங்களாக ஆடிக்கொள்ள ஒரு வழி செய்துவிட்டுப் போங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் அவர்கள் வைத்த கோரிக்கைக்குக் கையெழுத்துகள் 2025 ஜூலையில் பத்து லட்சத்தைத் தாண்டின. செய்ய முடியாத காரியமா இது? சத்தம் பெரிதானதும், அடுத்த இரண்டு பாகங்களுக்கும் ஆஃப்லைன் வசதி தருவதாக அதே யூபிசாஃப்ட் 2024 செப்டம்பரில் அறிவித்தது. அடி விழுந்தால் முடிகிறது என்றால், அடி விழாமலும் முடியும்.

2. "லைசென்ஸ்தான் என்று முதலிலேயே எழுதியிருக்கிறோமே?"

எழுதியிருக்கிறார்கள். எங்கே? யாரும் படிக்காத பல பக்க நிபந்தனைகளுக்குள். பட்டனில் என்ன எழுதியிருந்தது? 'வாங்கு' என்று! வெளிப்படையாக லைசென்ஸ் என்று தெரிவிக்காமல் டிஜிட்டல் சரக்குக்கு அந்த வார்த்தையைப் போடக் கூடாது என்று கலிஃபோர்னியா 2024-ல் சட்டம் இயற்றியது. 2025 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. நம் ஊர் நிலைமை என்ன? 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற ஒப்பந்தம் எது என்று பட்டியல் போட்டிருக்கிறது. தக்க காரணம் இல்லாமல் ஒரு தரப்பு மட்டும் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்கிற ஷரத்தும் அதில் வருகிறது. ஆயுதம் உறைக்குள் இருக்கிறது, எடுக்கத்தான் ஆள் இல்லை.

3. "பழசையே ஆடிக்கொண்டிருந்தால் புதுசை யார் வாங்குவார்கள்?"

வெளியே சொல்லத் தயங்கினாலும் உள்ளே இருக்கிற பயம் இதுதான். கணக்கு இதற்கு நேர் எதிராக இருக்கிறது. 1993-ல் வந்த டூம் கேமின் மூல நிரலை 1997 டிசம்பரில் ஐடி சாஃப்ட்வேர் இலவசமாக வெளியிட்டது. படங்களையும் லெவல்களையும் தரவில்லை, அதற்கு கேமை வாங்கித்தான் ஆக வேண்டும். ஆர்வலர்கள் அந்த நிரலைக் கால்குலேட்டரில்கூட ஓட வைத்தார்கள். அதனால் டூம் படுத்துவிட்டதா? 2024-ல்கூட முதல் இரண்டு பாகங்களையும் சேர்த்துப் புதிதாக வெளியிட்டார்கள்.

வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் கதை இன்னும் வேடிக்கை. அந்த கேமின் ஆரம்பகால வடிவத்தை ரசிகர்களே 'நாஸ்டால்ரியஸ்' என்ற சர்வரில் ஓட்டினார்கள். கம்பெனி வக்கீலைக் காட்டியதும் 2016 ஏப்ரலில் அதை மூடினார்கள். மூன்று வருடம் கழித்து, 2019 ஆகஸ்டில், அந்த ஆரம்பகால வடிவத்தைக் கம்பெனியே 'கிளாசிக்' என்று பெயர் வைத்து இறக்கியது. உள்ளே நுழையவே மணிக்கணக்கில் வரிசை! போலந்தில் 2008-ல் தொடங்கிய ஜி.ஓ.ஜி. கடை, பூட்டு எதுவும் போடாமல் பழைய கேம்களை விற்றே பேர் வாங்கியது. ஆக, பழசு புதுசின் வயிற்றில் அடிக்கிறது என்பது கட்டுக்கதை.

கம்பெனிகள் விற்கவும் மாட்டார்கள், மற்றவர்களைப் பாதுகாக்கவும் விட மாட்டார்கள் என்பதுதான் இதில் பெரிய கொடுமை. வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் ஒரு ஆய்வு வெளியிட்டது. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இப்போது கடையில் கிடைப்பதில்லை என்றது அது. சரி, நூலகங்களாவது ஆராய்ச்சியாளர்களுக்குத் தூரத்தில் இருந்து பார்க்கக் கொடுக்கட்டும் என்று அனுமதி கேட்டார்கள். 2024 அக்டோபரில் அமெரிக்கக் காப்பிரைட் அலுவலகம் மறுத்துவிட்டது. எதிர்ப்பாளர்கள் வைத்த வாதங்களில் ஒன்று என்ன தெரியுமா? ஆராய்ச்சி என்று வாங்கிக்கொண்டு, ஜாலிக்காக விளையாடிவிடுவார்களாம்! கேமை விளையாடிவிடுவார்கள் என்று பயப்படுகிற கேம் வியாபாரிகளை வேறு எங்கே பார்க்க முடியும்? :-)

பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ரோடு ரேஷ் ஆடிய ஒரு தலைமுறையே இந்த ஊரில் இருக்கிறது. 1990-களில் வந்த அந்த கேமை இன்றைக்கும் கம்ப்யூட்டரில் ஏற்றி ஆடுகிறவர்கள் உண்டு. அதைக் காப்பாற்றி வைத்தது யார்? தயாரித்த கம்பெனி இல்லை. காப்பி எடுத்து, சிடியில் ஏற்றி, பென் டிரைவில் மாற்றிக் கைக்குக் கை கொடுத்த பையன்கள். சட்டம் அவர்களைத் திருடன் என்கிறது. ஒரு தொழிலின் மொத்தச் சரித்திரமும் 'திருடர்கள்' கையில்தான் பத்திரமாக இருக்கிறது என்றால், வெட்கப்பட வேண்டியது அந்தப் பையன்கள் இல்லை.

இத்தனைக்கும் தீர்வு பெரிய விஷயம் இல்லை. விற்றால் விற்றதுதான் என்று சட்டம் சொல்ல வேண்டும். சர்வரை அணைக்கிற கம்பெனி, அணைக்கும் முன் ஆஃப்லைனில் ஆட வழி கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அது முடியாது என்கிற கம்பெனி, 'வாங்கு' என்ற பட்டனை எடுத்துவிட்டு 'வாடகை' என்று எழுதட்டும், எத்தனை வருடம் என்று தேதியும் போடட்டும், வாடகைக்கு ஏற்ற மாதிரி விலையைக் குறைக்கட்டும்.

சட்டம் வரும்வரை ஆடுகிறவர்கள் கையிலும் ஒன்று இருக்கிறது. அடுத்த கேமுக்குக் காசு கட்டும் முன் நெட் கனெக்‌ஷனைப் பிடுங்கினால் அது ஓடுமா என்று விசாரியுங்கள். ஓடாது என்றால் அந்தக் காசைப் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டு, ஒரு ஆட்டம் டெட்ரிஸ் ஆடுங்கள். அதை அணைக்க இன்னும் யாருக்கும் ஸ்விட்ச் கிடைக்கவில்லை.