எடைக்குப் போடுமுன் ஒரு வார்த்தை



போன ஐப்பசியில் திருப்பதியிலிருந்து பாகாலா வழியாக ரயிலேறிச் சித்தூருக்குப் போயிருந்தேன். காட்பாடிப் பக்கத்திலிருந்து அந்தக் காலத்திலேயே அங்கு வந்து குடியேறிய தச்சர் ஒருவர், நம் சங்கத்து அன்பர், காலமாகி இரண்டு ஆண்டு ஆகிறது. அவருடைய பட்டறையில் ஓர் இழைப்பு மெஷின் கிடந்தது. முழு வார்ப்பிரும்பு. ஆறு பேர் சேர்ந்தால்தான் நகரும். பெட் முழுவதும் செங்காவி பூசினாற்போலத் துரு. பெட்டை ஏற்றி இறக்கும் கைச்சக்கரம் அசையவே இல்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன், எடைக்குப் போட ஆள் பேசிவிட்டான்.

அந்த அம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. "அண்ணா, இது ஓடித்தான் இவனைப் படிக்க வெச்சோம். நெஜமாவே உதவாதா? நீங்க ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க" என்றார்.

துருவைப் பார்த்ததுமே மெஷின் செத்துவிட்டது என்று நாம் முடிவு கட்டுவது தவறு என்பது என் தாழ்மையான கருத்து. என் உத்தியோகமே துருவோடுதான். பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் 1955 முதல் 2018 வரை செய்த பழைய வகைப் பெட்டிகளில் கழிவறைக்குக் கீழே உள்ள தரைத் தகடும் பக்கத்துச் சோல்பாரும்தான் முதலில் அரிக்கும். வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து, அதே பெட்டியை மறுபடி லைனுக்கு அனுப்புவோம். தகடு மெல்லியது, அரித்தால் ஓட்டை. வார்ப்பிரும்பு பெட் அப்படியல்ல. கனத்த பண்டம், பெரும்பாலும் மேல்தோல்தான் கெட்டிருக்கும்.

பின் ஏன் இறுகுகிறது? இரும்பு துருவானால் முன்னிருந்ததைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். பெட் சறுக்கும் சரிவில் இருக்கும் இடுக்கு ஒரு தாள் கனம்கூட வராது. அதில் துரு வளர்ந்தால் ஆப்பு அடித்தது போல்தான்.

மகன் பெரிய சம்மட்டியோடு நின்றான். "தம்பி, அதைக் கீழே வை" என்றேன். பயிற்சிக் காலத்தில் இதே அவசரத்தில் ஒரு கைச்சக்கரத்தை நான் இரண்டு துண்டாக்கியிருக்கிறேன். வார்ப்பிரும்பு வளையாது, உடைந்துதான் போகும். ஃபோர்மன் அன்று பேசிய பேச்சை இங்கே அச்சில் போட முடியாது!

முதலில் கரண்ட் வயரைக் கழற்றினோம். பிறகு பிளேடுகள். சரிவில் சொருகியிருக்கும் 'கிப்' என்ற பட்டையின் திருகுகளைத் தளர்த்தினோம். பலர் இதை மறந்துவிட்டுச் சக்கரத்தோடு மல்லுக்கட்டுவார்கள். மண்ணெண்ணெயில் கொஞ்சம் தையல் மெஷின் எண்ணெய் கலந்து, இடுக்குகளில் காலையும் மாலையும் விடச் சொல்லிவிட்டுத் திரும்பினேன். மரத்தூளைக் கூட்டிவிட்டுத்தான் செய்ய வேண்டும், பீடி சிகரெட் பக்கத்தில் வரக்கூடாது.

ஐந்தாம் நாள் போனேன். மரக்கட்டை ஒன்றை வைத்து மெல்லத் தட்டி, சக்கரத்தைத் திருப்பினோம். ஒரு நூல் அசைந்தது. உடனே அதே பக்கம் முறுக்கக்கூடாது. முன்னும் பின்னுமாக ஆட்டி, எண்ணெய் விட்டு, மறுபடி ஆட்ட வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்குள் பெட் முழுதும் இறங்கிவிட்டது. அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பெட்டை கிரைண்டர் வைத்துத் தேய்க்க விடவில்லை. மட்டம் போய்விட்டால் அப்புறம் அது மேசைதான், மெஷின் அல்ல. பிளேடால் சுரண்டி, மண்ணெண்ணெய் தொட்டு நைஸ் எமரித் தாளால் தேய்த்தோம். கால் சட்டத்துக்குக் கடுக்காய்க் கஷாயம். காளஹஸ்தியில் கலம்காரி எழுதுகிறவர்கள் துரு இரும்பை வெல்லத் தண்ணீரில் ஊறவைத்து, கடுக்காய் ஏறிய துணியில் எழுதினால் கறுப்புக் கோடு விழுகிறதே, அதே சங்கதிதான். கடுக்காயின் துவர்ப்பு, துருவோடு சேர்ந்து கறுப்புப் படலமாகிறது. கடையில் விற்கும் துரு மாற்றி மருந்துகள் சிலவற்றிலும் இந்தத் துவர்ப்புச் சத்துதான் இருக்கிறது. உதிரும் துருவைச் சுரண்டிவிட்டுப் பூச வேண்டும். காய்ந்த பிறகு மேலே பெயிண்ட்.

எல்லாவற்றையும் காப்பாற்று என்று நான் சொல்லவில்லை. பெட்டில் விரிசல் இருந்தால் எடைக்குத்தான். பழைய சதுரக் கட்டர் பிளாக் இருந்தால் அதை இரக்கமே பார்க்காமல் தூக்கிப் போடுங்கள். கை வழுக்கினால் விரல் உள்ளே போகும். இந்த மெஷினில் நல்ல வேளையாக உருண்டை பிளாக். மோட்டாரை வைண்டிங் கடையில் மெகர் வைத்துப் பார்த்த பிறகே மாட்டினோம். பேரிங் இரண்டும் புதிது.

இனித் துரு வராமல் இருக்க? நம் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகை மழைதான் எதிரி. குளிர்ந்து கிடக்கும் இரும்பின் மேல் ஈரக்காற்று பட்டால், ஐஸ் தண்ணீர்ச் சொம்பு போல அது வியர்க்கும். பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடினால் அந்த ஈரம் உள்ளேயே நிற்கும். பழைய பருத்திப் போர்வை மேல். மரத்தூளும் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். சாயந்திரமே துடைத்துவிட வேண்டும். வண்டியிலிருந்து இறக்கிய கறுப்பு என்ஜின் ஆயிலைப் பூசுகிறார்கள். அதில் அமிலமும் உண்டு, தோலுக்கும் கெடுதல். டபிள்யூ.டி.-40 என்பது 1953-ல் அமெரிக்காவில் ஈரத்தை விலக்கச் செய்த மருந்து. அவசரத்துக்கு ஆகும், மாதக்கணக்கில் காக்காது. பெட்டுக்கு மெழுகுதான் சரி. எண்ணெய் மரத்தில் கறை பிடிக்கும். சிலிகான் கலந்த கார் பாலிஷ் பட்ட மரத்தில் வார்னிஷ் ஒட்டாது.

ஆசாரியிடம் தொழில் பழகிய பையன் ஒருவன் இப்போது அந்த மெஷினை வாடகைக்கு ஓட்டுகிறான். பணம் மாதாமாதம் அம்மாளிடம் வருகிறது. போன வாரம் மகன் பெங்களூரிலிருந்து போன் செய்து, மெழுகு எத்தனை நாளைக்கு ஒரு தரம் பூசச் சொல்ல வேண்டும் என்று கேட்டான். மழை மாதங்களில் வாரம் ஒரு தரம், மற்ற மாதங்களில் ஒரு தரம் பூசினால் போதும் என்றேன்.