வாட் கணக்கையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு,

கேமிங் லேப்டாப் பற்றிய தங்கள் கட்டுரையில் கிராபிக்ஸ் சிப்பின் பெயரும் விலையும் இருந்தன. அது எத்தனை வாட்டில் ஓடுகிறது என்பது இல்லை. ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் சிப்பை 35 முதல் 115 வாட் வரை தயாரிப்பாளர் தம் விருப்பப்படி அமைக்கலாம். பெயர் ஒன்றுதான், வேகத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். சித்திரையில் எங்கள் தொப்பம்பட்டி ஓட்டு வீட்டில், ஃபேன் காற்றில் அரை மணி நேரம் விளையாடினாலே கீபோர்டின் மேல்பகுதியில் விரல் வைக்க முடிவதில்லை. சூடு ஏறினால் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஏசி அறையில் ஐந்து நிமிடம் ஓட்டிப் போட்ட வேக மதிப்பெண் எங்களுக்கு எதற்கு? லட்ச ரூபாய்க்கு மேல் தவணை கட்டி வாங்குகிறார்கள் பிள்ளைகள். அடுத்த முறை வாட் அளவோடு, ஏசி இல்லாத அறையில் ஒரு மணி நேரம் ஓட்டிய முடிவையும் வெளியிட வேண்டுகிறேன்.

– வாசகர், தொப்பம்பட்டி, திண்டுக்கல் மாவட்டம்